விமானத்துக்கு லேஞ்சி போட்ட டொறீன்

கப்பல் பார்சலோனாத் துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவோ சொந்த ஊரான உக்குவளையை நெருங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தவிப்பு அன்று மத்தியானம் தொலைபேசி வழியாக டொறீனின் காதில் வந்து விழுந்தது.

"மகள், அம்மா எங்க?"

"பீலியில துணி கழுவுறாங்கப்பா. கூப்பிடவா?"

"வேணாம், வேணாம்! போன் கார்ட் முடியப்போகுது. நீயே கேட்டுக்க. பேனா எடு!"

டொறீன் பேனா எடுத்தாள். தாள்தான் கிடைக்கவில்லை. மேசைமேல் கடைசியாக இருந்த தாளைத் தம்பி கிறிஸ்தோபர் சப்பிக்கொண்டிருந்தான். ஏழு மாதக் குழந்தையிடமிருந்து ஈரத் தாளைப் பிடுங்கி என்ன செய்வது?

"சொல்லுங்கப்பா, கையில எழுதிக்கிறேன்."

டொறீனின் அப்பா நோபர்ட் ஓர் உல்லாசக் கப்பலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்தார். மேல் தளத்தில் பயணிகள் நீந்துவார்கள், ஆடுவார்கள், ஐஸ்கிரீம் தின்பார்கள். கீழ்த் தளத்தில் அப்பா அவர்களுடைய துவாய்களைத் துவைப்பார். நாளை அவர் கப்பலை விட்டு இறங்கி, விமானம் ஏறி வீட்டுக்கு வரவேண்டும்.

"பிளைட்டுக்கு முன்கூட்டியே செக்-இன் பண்ணணும் மகள். கப்பல்ல எங்களுக்குன்னு ஒரே ஒரு கம்பியூட்டர், அதுல இன்டர்நெட் செத்துப்போச்சு. இருக்கிற சீட்டை விடக் கூடுதலா டிக்கட் வித்துட்டாங்களாம். பிந்திப் போறவனை விட்டுட்டுப் போயிடுவாங்க. அடுத்த பிளைட் திங்கக்கிழமைதான்."

"திங்கக்கிழமையா?" என்றாள் டொறீன். "அப்ப ஞாயித்துக்கிழமை?"

மறுமுனையில் கப்பல் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தோபருக்கு ஞானஸ்நானம். அப்பா கப்பலுக்குப் போன பிறகு பிறந்தவன் அவன். அப்பா அவனை இன்னும் தொட்டதேயில்லை. அவர் வரட்டும் என்று இரண்டு தடவை தள்ளிவைத்தாயிற்று. அவர்கள் வாழும் தோட்டத்துக் கோவிலுக்கு ஃபாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அடுத்து தவக்காலம் தொடங்கிவிடும். பிறகு ஈஸ்டர் கழிந்தால்தான் ஞானஸ்நானம். அதற்குள் அப்பா லீவு முடிந்து கப்பலுக்குத் திரும்பிவிடுவார்.

"டிக்கட் நம்பரைச் சொல்லுங்கப்பா!"

"எம், மாத்தளை எம்! ஏழு. கே, கண்டி கே! பீ, பலாபத்வல பீ! ரெண்டு. ஆர், ரத்தோட்டை ஆர்! ஸமத் நானா கடைக்குப் போய்..."

தொடர்பு அறுந்தது.

டொறீன் தம்பியை அள்ளிக்கொண்டு மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு ஓடினாள்.

அம்மா மதலேனா கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "டிக்கட்தான் எடுத்தாச்சே. பிறகென்ன செக்-இன், சொக்-இன்?"

"பஸ் வந்து நிக்கிறப்ப நீங்க என்னம்மா செய்வீங்க?"

"ஜன்னல் வழியா லேஞ்சியப் போட்டு சீட்டுப் பிடிப்பேன்."

"அதேதாம்மா! அப்பாவுக்கு பிளைட்ல லேஞ்சி போடணும். நாம இங்க இருந்தே போடணும்."

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம்பிடிப்பதில் அந்தத் தோட்டத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஈரச் சேலையோடு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

ரயில் கடவைக்குப் பக்கத்தில் இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. மணல் மூட்டைகளுக்கு நடுவே நின்ற இளம் சிப்பாய் கையை உயர்த்தினார். அம்மா அடையாள அட்டையை நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

டொறீன் தம்பியின் தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள்.

"நில்லு நங்கி!" தங்கையை அழைப்பதுபோல் சிப்பாய் சிங்களத்தில் சொன்னார். "கையில என்ன அது?"

எம், ஏழு, கே, பீ, இரண்டு, ஆர். உள்ளங்கை நிறைய, கறுப்பு மையில்.

அம்மாவின் முகம் வெளுத்தது. யுத்த காலத்தில் நாடு அப்படித்தான் இருந்தது. வீட்டுக் கூரையில் விழுந்த பட்டத்தைப் பற்றிக்கூட யாராவது விசாரிப்பார்கள். தமிழ்ப் பிள்ளையின் கையில் இரகசிய எழுத்துகள் என்றால் கேட்கவும் வேண்டுமா?

ஆனால் டொறீனுக்கு நல்ல சிங்களம் தெரியும். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதும் தெரியும். அப்பா, கப்பல், துவாய், விமானம், தம்பி, ஞாயிற்றுக்கிழமை என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"தாள் இல்லையா வீட்டில?" என்றார் சிப்பாய்.

"இருந்திச்சு சேர். இவன் தின்னுட்டான்."

சாட்சி சொல்வதுபோல் கிறிஸ்தோபர் வாயைத் திறந்தான். உள்ளே ஒரு துண்டுத் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சிப்பாய் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "எனக்கும் மகள் பிறந்திருக்கா. இன்னும் போய்ப் பார்க்க லீவு கிடைக்கல்ல" என்றார் மெதுவாக.

பிறகு வானத்தைப் பார்த்தார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. தன் சாப்பாட்டுப் பார்சல் சுற்றியிருந்த பொலித்தீன் பையை உதறி, டொறீனின் கையில் மாட்டி, மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார்.

"மை அழிஞ்சா அப்பா வரமாட்டார். ஓடு!"

அவள் ஓடினாள். பைக்குள்ளிருந்து தேங்காய்ச் சம்பல் வாசம் வந்தது.

அப்துல் ஸமத் நானாவின் கடையில் போட்டோ கொப்பி எடுக்கலாம், வெளிநாட்டுக்குப் பேசலாம், இன்டர்நெட் பார்க்கலாம். கம்பியூட்டர் ஒன்றுதான். டொறீன் அதன் முன்னால் உட்கார்ந்தபோது மழை கூரையில் கொட்டியது. அடுத்த நொடி விளக்குகள் அணைந்தன.

"கரண்ட் போச்சு!" என்று அலறினாள் அம்மா.

"பயப்படாதீங்க தங்கச்சி. கீழ பெட்டரிப் பெட்டி ஒண்டு இருக்கு. கொஞ்ச நேரம் தாங்கும்" என்றார் ஸமத் நானா. மேசைக்கடியில் பெட்டரி 'பீப்... பீப்...' என்று மெதுவாகக் கத்தத் தொடங்கியது.

நானா, அம்மா சொன்ன விமானக் கம்பனியின் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் கையிலிருந்ததைப் பார்த்து அடித்தாள். இரண்டாவது கட்டம், குடும்பப் பெயர்.

"அது லேசு" என்றாள் டொறீன். "நான் நோபர்ட் டொறீன். தம்பி நோபர்ட் கிறிஸ்தோபர். அம்மா மதலேனா நோபர்ட். எங்க குடும்பத்துப் பேரு நோபர்ட்தான்."

அடித்தாள். 'அப்படி ஒரு பயணி இல்லை' என்றது கம்பியூட்டர்.

மறுபடியும் அடித்தாள். அப்போது கிறிஸ்தோபர் அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டி, தன் பங்குக்கு நாலைந்து எழுத்துகளைத் தட்டிவிட்டான். அதுவும் பிழை. திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

"இன்னும் ஒரே ஒருக்காத்தான் பார்க்கேலும் மகள்" என்றார் நானா. "அதுவும் பிழைச்சா பூட்டிரும்."

'பீப். பீப். பீப்.'

டொறீன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவசரப்பட்டால் எல்லாம் போய்விடும். யோசித்தாள்.

பள்ளிக்கூடத்தில் மிஸ் அவளை 'என். டொறீன்' என்று கூப்பிடுவார். என் என்றால் நோபர்ட். அது அவளுடைய அப்பா பெயர். அப்படியானால்...

"அம்மா, அப்பா கொண்டுபோன தகரப்பெட்டியில என்ன எழுதியிருந்திச்சு?"

"எஸ். நோபர்ட்னு. ஏன்டி?"

"எஸ் யாரு?"

"உங்க அப்பாவோட அப்பாதான். சவரிமுத்து."

டொறீன் துள்ளி எழுந்தாள். "என் பேருக்கு முன்னால எங்க அப்பா இருக்காரு. அப்பா பேருக்கு முன்னால அவரோட அப்பா இருக்காரு! கம்பியூட்டர் அதைத்தாம்மா கேக்குது!"

"அட, ஒரே வீட்டில ஆளுக்கொரு குடும்பப் பேரா?" என்றார் நானா. "வெளிநாட்டுக் கம்பியூட்டர் பாவம்."

டொறீன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். சவரிமுத்து. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

"தொறந்திட்டு!" என்று கத்தினார் நானா.

திரையில் 'சவரிமுத்து நோபர்ட்' என்றிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதன் கீழே இன்னொரு பெயர் இருந்தது. 'அந்தோனி சில்வெஸ்டர்.' அவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது.

"அப்பாவோட கூட்டாளி. ரத்தோட்டைக்காரரு" என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கும் கம்பனி ஒண்ணாத்தான் டிக்கட் போட்டிருக்கு."

'பீப்பீப்பீப்பீப்!'

"பெட்டரி சாகப்போகுது!" நானா பதறினார். "வாப்பாட கட்டத்தை மட்டும் அழுத்துங்க மகள். ரெண்டு பேருக்கும் எண்டா இன்னொரு பக்கம் திறக்கணும். இடையில நிண்டா ரெண்டு பேர்டயும் போயிரும்!"

டொறீனின் விரல் அப்பாவின் கட்டத்தை அழுத்தியது. பிறகு நின்றது.

ரத்தோட்டையிலும் ஒரு வீடு இருக்கும். அங்கேயும் யாரோ நாட்காட்டியில் தேதியைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு போயிருக்குமா? போயிருக்காவிட்டால்?

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பயம் இருந்தது. என்றாலும் அவள் தலையசைத்தாள்.

டொறீன் இரண்டாவது கட்டத்தையும் அழுத்தினாள்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது. அம்மா சிலுவை அடையாளம் போட்டாள். நானா "யா அல்லாஹ்" என்றார். கிறிஸ்தோபர் கொட்டாவி விட்டான்.

இருக்கைகளின் படம் வந்தது. கழிப்பறைக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் இரண்டு இடங்கள். டொறீன் இரண்டையும் தொட்டாள். வட்டம் மறுபடி சுற்றியது.

பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம். அதன் கீழே இன்னொன்று.

'பீஈஈஈப்.' திரை இருண்டது.

கடைக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டும் வந்திச்சு. பார்த்தீங்களா நானா?"

"பார்த்தேன், பார்த்தேன்!" நானா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "எனக்குத்தான் இப்ப பெட்டரி இல்ல."

சனிக்கிழமை சாயங்காலம் உக்குவளை ஸ்டேஷனில் ரயில் நின்றது. முதலில் தகரப்பெட்டி இறங்கியது. அடுத்து அப்பா. அவருக்குப் பின்னால் உயரமாக, ஒல்லியாக ஒருவர்.

"நீதான் டொறீனா?" என்று கேட்டார் அவர். "நான் சில்வெஸ்டர் மாமா. ராவெல்லாம் வேலை செஞ்சிட்டு, உங்க அப்பா போன் எடுத்த நேரம் நான் தூங்கிட்டு இருந்தேன். செக்-இன்னே பண்ணலயேன்னு நடுங்கிட்டே போனா, கவுண்டர்ல உன் சீட் இருக்குங்கிறாங்க! எங்க கூட வந்ததுல ரெண்டு பேரை விட்டுட்டாங்க, பாவம்."

அப்பா தலையைச் சொறிந்தார். "கார்ட் முடிஞ்ச பிறகுதான் இவன் ஞாபகமே வந்திச்சு. எனக்கு எவ்வளவு வெக்கமா இருந்திச்சு தெரியுமா? உனக்கு யாரு மகள் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா. மாமா பேருக்குப் பக்கத்துல கட்டம் சும்மா இருந்திச்சு. பார்க்க ஒரு மாதிரியா இருந்திச்சு."

சில்வெஸ்டர் மாமா டொறீனின் தலையில் கையை வைத்துவிட்டு, ரத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கச் சின்னப் பிள்ளைபோல் ஓடினார்.

அப்பா கிறிஸ்தோபரிடம் கைகளை நீட்டினார்.

கிறிஸ்தோபர் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வீரிட்டு அலறி, டொறீனின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"விடு, விடு. புது ஆளுன்னு பயப்படுறான்" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நீட்டிய கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா பொம்மைக் கப்பலைக் காட்டினார். அழுகை. ஆடு மாதிரிக் கத்திக் காட்டினார். இன்னும் பெரிய அழுகை. டொறீன் கையில் வாங்கினால்தான் கிறிஸ்தோபர் அடங்கினான்.

'இவ்வளவு பாடுபட்டு அப்பாவைக் கொண்டுவந்தேன். இவன் திருப்பி அனுப்பிடுவான்போல இருக்கே' என்று நினைத்துக்கொண்டாள் டொறீன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோவில் நிறைந்திருந்தது. ஃபாதர் அழைத்தார். அப்பா, நழுவும் மீனைப் பிடிப்பதுபோல் கிறிஸ்தோபரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் உடம்பை வளைத்துச் சிணுங்கினான். டொறீன் பக்கத்திலேயே தயாராக நின்றாள்.

ஃபாதர் தண்ணீரை எடுத்தார். காலைக் குளிரில் அது பனிபோல் இருந்திருக்க வேண்டும். தலையில் பட்டதும் கிறிஸ்தோபர் கோவில் அதிரக் கத்தினான்.

டொறீன் சட்டென்று கைகளை நீட்டினாள். "வா, வா, அக்காகிட்ட வா!"

அவன் வரவில்லை. இரண்டு குட்டிக் கைகளாலும் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். நனைந்த தலையை அவருடைய நெஞ்சுக்குள் நுழைத்து, அங்கேயே விசும்பினான்.

அப்பா அசையாமல் நின்றார். மூச்சுக்கூட விடவில்லைபோல இருந்தது. பிறகு மெல்லக் குனிந்து அந்த ஈரத் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார்.

டொறீன் நீட்டிய கைகளை மெதுவாக மடக்கிக்கொண்டாள். தம்பி தன்னிடம் வராததற்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றுதான் முதல் தடவை.