நான்காவது காது

கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. துர்சுன் அதைப் படிக்காமலே 'ஆம்' என்று தட்டினான். கேள்வி இதுதான்: வன்வட்டில் உள்ள அனைத்தையும் அழிக்கலாமா?

படிக்காமல் ஆம் சொல்வது அவனுடைய பிறவிக் குணம். கல்யாணம் அப்படித்தான் ஆயிற்று. மூவாயிரம் மீட்டர் உயரத்துக் கெர்மே கணவாயில் பனிச்சரிவுக்குக் காவல் இருக்கும் இந்த வேலையும் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது நிலையத்தின் உருப்படியான ஒரே கம்ப்யூட்டர் நாற்பது நொடியில் வெள்ளைத்தாளாகிவிட்டது. மதியம் ஒரு மணி. வெளியே பனியும் மூடுபனியும் ஒன்றாகக் கலந்து, சன்னலுக்கு அப்பால் உலகம் இருப்பதற்கான அத்தாட்சி ஏதுமில்லை.

"என்னடா, மூஞ்சி வெளுத்துப்போய் நிக்கிற?" என்றாள் சைராகுல் எஜே, சமையலறை வாசலில் கைநிறைய மாவோடு. நிலையத்தில் இருந்த இன்னொரு மனிதப்பிறவி அவள்தான். சமையல், அடுப்பு, திட்டு மூன்றும் அவள் பொறுப்பு. எஜே என்றால் அந்த ஊர்ப் பேச்சில் அக்கா.

"ஒண்ணுமில்ல எஜே. கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

"நீ சுத்தம் பண்ணா எதையோ கொன்னிருப்ப," என்று சொல்லிவிட்டு மாவுக்குத் திரும்பினாள்.

எல்லாம் நகரத்து உத்தரவால் வந்த வினை. பழைய விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டர்களை வெள்ளிக்கிழமைக்குள் புதிய விண்டோஸுக்கு மாற்ற வேண்டும், முடியாதவற்றைக் கழற்றி அனுப்பிவிட வேண்டும். புதிய விண்டோஸ் இந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தது. கிழட்டுக் கழுதைக்குப் பந்தயச் சேணமா என்கிற தோரணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழற்றி அனுப்பினாலோ நிலையம் செவிடாகிவிடும். மிச்சமிருந்த வழி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். பதியாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கத்தான் நினைத்தான். மனசு நினைத்தது ஒன்று, விரல் தட்டியது ஒன்று.

செவிடு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. மலைச்சரிவில் புதைத்த நான்கு கருவிகள், பனிக்கு அடியில் எது அசைந்தாலும் கேட்டு, கம்பி வழியாகக் கீழே சொல்லும். நிலையத்தில் அவற்றுக்குக் காது என்றே பெயர். முதல் காது வாசற்படி ஓரம். இரண்டும் மூன்றும் மேலே மேலே. நான்காவது, பனிச்சரிவு இறங்கும் ஓடையின் தலைமாட்டில். காது கேட்பதைக் கம்ப்யூட்டரில் சத்தமாக மாற்றும் நிரலை எழுதியவன், துர்சுனோடு இங்கே காவல் இருந்த எர்மெக். தேநீர் குடித்துக்கொண்டே காவல் காக்கலாம் என்று ஒவ்வொரு காதுக்கும் ஒரு குரல் வைத்தான். முதலாவதற்குச் சிட்டுக்குருவி, இரண்டாவதற்கு மணி, மூன்றாவதற்கு மரத்தட்டு. நான்காவதற்கு மட்டும் தாழ்ந்த, வயிற்றில் விழுகிற ஒரு 'தும்.'

நவம்பரில் அந்த நான்காவது காதின் கம்பியைச் சரிசெய்யப் போன எர்மெக்மேல்தான் சரிவு இறங்கியது. ஒரு வாரம் தோண்டினார்கள். கிடைக்கவில்லை. ஜூன் மாதம் பனியே திருப்பிக் கொடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது பிப்ரவரி.

எர்மெக்கின் மேசை இழுப்பறையைக் குடைந்தபோது ஒரு குறுந்தகடு அகப்பட்டது. மேலே அவன் கையெழுத்து: 'துர்சுன் கெடுத்தால் இதைப் போடவும்.'

துர்சுன் அதை இரண்டு தடவை படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றை அன்பாகச் சொன்னான்.

விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட வைக்கும் சூட்சுமம் பிடிபட இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று மணிக்குக் கறுப்புத் திரையில் நான்கு பச்சைப் புள்ளிகள் எழுந்தன. பழையதைவிட வேகம். துர்சுன் நாற்காலியில் சாய்ந்து, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியுமா என்று பார்த்தான்.

தும்.

நான்காவது புள்ளி சிவந்து, மறுபடி பச்சையானது.

தும்.

அப்போதுதான் நினைவு வந்தது. நான்காவது காது டிசம்பரிலேயே இப்படி அவ்வப்போது கத்தியது. 'பழுது' என்றது நகரம். அவனும் ஆம் என்று சொல்லி, அதன் குரலை அடைத்துவிட்டான். அந்த அடைப்பு பழைய விண்டோஸோடு அழிந்துவிட்டது. எர்மெக்கின் குறுந்தகட்டில் எல்லாக் காதும் திறந்தே இருந்தது.

தொலைபேசி அடித்தது. நகரத்திலிருந்து மேலதிகாரி மெதெர்பெக்.

"என்னப்பா, எல்லாம் பச்சையா? நாலு மணிக்கு ரோட்ட மறிச்ச கட்டையத் தூக்கணும். கீழ ஒரு பஸ்ஸு, பதினாலு லாரி நிக்குது. டிரைவருங்க என்னையக் கடிச்சுத் தின்னுடுவானுங்க."

"நாலாவது காது பேசுது பைக்கே," என்றான். பைக்கே என்றால் அண்ணன்.

"அது பழுதாச்சே. நீதான அடைச்ச?"

"அடைப்பு பழைய விண்டோஸோட போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"நான் அழிச்சுட்டேன்."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி, திரும்ப அடை."

"பழுதுன்னு எப்படித் தெரியும் பைக்கே? யாராவது மேல போய்ப் பாத்தாங்களா?"

"நீ மதியம் சாப்ட்டியா, இல்லியா?" என்றார் மெதெர்பெக். "அரை மணி நேரம் கழிச்சுக் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டார்.

துர்சுன் சத்தத்தைக் கூர்ந்து கேட்டான். பனி நகர்ந்தால் இழுபடும், முனகும், மூட்டை சரிவதுபோல் ஒரு நீளம் இருக்கும். இது இழுபடவில்லை. தும். ஒரு மூச்சு இடைவெளி. தும். சமையலறையில் வாணலியில் எண்ணெய் காய்ந்து, மாவு விழுந்து பொரியும் சீறலும், அந்தக் கொழுத்த இனிய வாசனையும் அறை முழுக்கப் பரவி, திரைச்சீலையில் ஏறி, புகைபோக்கி வழியாக மூடுபனிக்குள் கசிந்துகொண்டிருந்தன. இன்று வியாழக்கிழமை. வாரந்தோறும் எஜே இந்நாளில் எர்மெக்கின் பெயர் சொல்லி ஏழு ரொட்டி சுடுவாள். எண்ணெய் மணம் செத்துப்போனவர்களைச் சேரும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கைதான். எண்ணெய் சீறும்போதெல்லாம் சத்தம் கொஞ்சம் வேகம் எடுத்ததுபோல் தோன்றியது.

அலமாரியிலிருந்து டிசம்பர் மாதத்துக் காகித நாட்குறிப்பை எடுத்தான். அவன் கையெழுத்துதான். நான்காவது காது, ஒரு முறை. வியாழன். அடுத்தது, மூன்று முறை. வியாழன். பிறகு ஏழு. வியாழன். பதினொன்று. வியாழன். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் காதை அடைத்துவிட்டான்.

எட்டு வாரம் யாரும் கேட்காமல் அது என்ன பழகிக்கொண்டிருந்தது?

டொக்.

மரத்தட்டு. மூன்றாவது காது.

துர்சுன் திரையை நோக்கிக் குனிந்தான். மூன்றாவது காதுக்குப் பழுதில்லை. போன வாரம்தான் அவனே துடைத்துவிட்டு வந்தான்.

டொக். டொக்.

"எஜே, அடுப்பை அணைங்க."

"இன்னும் ரெண்டு ரொட்டி இருக்கு."

"எஜே, மேல எது அசையுது?"

"டீ ஆறிப்போவுது, குடி," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

தொலைபேசி. இந்தத் தடவை மெதெர்பெக்கின் குரலில் சிரிப்பு இல்லை.

"அடைச்சியா?"

"இப்ப மூணாவதும் பேசுது."

"அப்ப உன் புது லினக்ஸ்தான் கோளாறு. பெட்டிய அணைச்சிடு, நாளைக்குக் கழட்டி அனுப்பு. எல்லாம் பச்சைன்னு மட்டும் என்கிட்ட சொல்லு, கட்டையத் தூக்கச் சொல்றேன். ஆமான்னு ஒரு வார்த்தை, துர்சுன். உனக்கு அது ஒண்ணுதான் நல்லா வரும்."

உண்மைதான். நாக்கு நுனியில் அந்த வார்த்தை வழக்கம்போல் வந்து நின்றது. அவன் கண்ணில் ஒரு பஸ் தெரிந்தது. சன்னலோரம் தூங்கும் யாரோ. அதற்கு மேலே பனிக்கு அடியில் அடைத்த குரலோடு எட்டு வாரம் கிடந்த ஒன்று.

"இல்ல," என்றான்.

"என்ன?"

"இல்ல பைக்கே. நான்தான் அழிச்சேன், எழுதிக்கங்க. லினக்ஸைத்தான் வெச்சுக்கப் போறேன், அதையும் எழுதிக்கங்க. காது பேசினா ரோடு மூடியிருக்கணும்னு விதி. எது அசையுதுன்னு விதியில கேக்கல."

"வேல வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும். ரொம்ப ஆசையா வேணும். ஆனா இனிமே எந்தக் காதையும் அடைக்க மாட்டேன்."

கட்டைக் காவலனைத் தனி எண்ணில் அழைத்து, நாளைக் காலைவரை தூக்கக் கூடாது என்று சொன்னான். குரல் நடுங்கவில்லை. அதில் அவனுக்கே கொஞ்சம் பெருமை.

கணீர்.

மணி. இரண்டாவது காது. வாசலிலிருந்து எழுபது அடி தூரம்.

கணீர். கணீர்.

துர்சுன் ஒலிபெருக்கியின் திருகைப் பிடித்தான். குறைக்கத்தான் கை போனது. முழுக்கக் கூட்டினான். வருவது வரட்டும், செவிடனைத் தேடி வந்தேன் என்று மட்டும் அது சொல்ல வேண்டாம்.

மணி நின்றது.

வாணலியின் சீறல் நின்றது. எஜே அடுப்பை அணைத்திருந்தாள். அறையில் எண்ணெய் மணம் மட்டும்.

பிறகு சிட்டுக்குருவி.

ஒரே ஒரு தடவை. எவ்வளவு இனிய குரல் வைத்திருந்தான் பாவி.

கதவு தட்டப்படவில்லை. மூச்சுச் சத்தம் இல்லை. சன்னலின் வெளிப்பக்கம் சாம்பல்நிறம் மெல்லக் கருத்தது. உயரமாக. தோள் அகலத்தில்.

"எஜே," என்றான் துர்சுன். "டீயப் பத்திப் பேசாதீங்க. வாராவாரம் அவன் பேர் சொல்லித்தான் சுடறீங்க. மணம் அவனப் போய்ச் சேர்ந்துச்சா, இல்லையா?"

சைராகுல் ஏழாவது ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மாவுக் கையை மேலாடையில் துடைத்தாள். முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"மண்ணுல அடங்கினவனுக்கு மணம் தானா போய்ச் சேரும்டா. அடங்காதவன்..." என்றாள், "நடந்துதான் வரணும்."

கண்ணாடியில் வெளியிலிருந்து ஓர் உள்ளங்கை பதிந்தது. உயிருள்ள கை பட்டால் உறைபனி உருகும். இந்தக் கையைச் சுற்றி, விரல் விரலாக, அது வளர்ந்துகொண்டிருந்தது.