ஒரு நிமிஷ நாடி

உபதேசியார் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்ன இடைவெளியில், ஆணி அடித்து மூடிய பெட்டிக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது.

பெட்டிக்குள் கிடந்தவள் உதவி டாக்டர் தேவசிகாமணியின் மனைவி இன்பமணி. வாந்திபேதி கண்டு காலையில் படுத்தவள், உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டாள். போய்விட்டாள் என்று நாடி பிடித்துச் சொன்னவரும் அவரேதான். ஒரு நிமிஷம் பிடித்தார். அதற்கு மேல் எதற்கு? பாளையங்கோட்டையில் அவரைவிடப் படித்தவன் எவன்?

"பெட்டிக்குள்ள சத்தம் கேக்குய்யா," என்றான் குழி வெட்டும் பூதத்தான்.

"பேதியில செத்த பொணம் அசையத்தான் செய்யும்லே. நரம்பு துடிக்கும். எத்தனை மட்டம் சொல்லுதது?" என்றார் தேவசிகாமணி.

அந்த வாரம் பேதியில் போன மற்ற நாலு பேரின் பெட்டிகளுக்கும் இதைத்தான் சொன்னார். "கை அசையுதே ஐயா" என்று அழுதவர்களைப் பார்த்துச் சிரித்தார். "இன்னும் அம்பது வருஷத்துல, நெஞ்சு ஓடுதா நின்னுட்டுதான்னு ஒரு கருவி காகிதத்துல எழுதிக் காட்டும். ஒருத்தன் ரத்தத்தை இன்னொருத்தனுக்கு ஏத்துவான். அப்பவும் நீங்க பேய், பிசாசுன்னு அலறிக்கிட்டுத்தான் இருப்பீய!" வரப்போகிற ஐம்பது வருஷத்தை விரல் நுனியில் வைத்திருந்த மகா மேதைக்கு, அதே விரலை இன்னொரு நிமிஷம் மணிக்கட்டில் வைக்கப் பொறுமையில்லை.

பாட்டு தொடங்கியது. புதுமண்ணின் ஈர வாடையும் சுண்ணாம்பு நெடியும் நெஞ்சை அடைக்க, வேப்பமரத்து நிழல் குழியின் வாயை மெல்ல மூடிக்கொண்டு வர, பாட்டுக்கு அடியில், பாட்டின் தாளத்தோடு சேராமல், அந்தத் தட்டல் மறுபடி கேட்டது. மூன்று. நிறுத்தி, ஒன்று.

தேவசிகாமணிக்கு அந்தத் தட்டல் தெரியும். அவர் புஸ்தகம் படிக்கும்போது இன்பமணி வாய்திறந்து கூப்பிடப் பயப்படுவாள். சாப்பாடு ஆறுகிறதே என்று அறைக்கதவை இப்படித்தான் தட்டுவாள். மூன்று. நிறுத்தி, ஒன்று.

"தொறந்து பாத்துருவமாய்யா?" என்றான் பூதத்தான்.

தொறலே என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எதிரே அந்த நாலு வீட்டுக்காரர்களும் நின்றார்கள். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொறந்தால், எங்க பெட்டியை ஏன் தொறக்கலைன்னு கேட்பார்களே!

"நரம்புலே அது," என்றார். "மண்ணைத் தள்ளு."

எல்லோரும் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பொழுது சாயும் நேரம். நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை எடுத்து மண்மேட்டில் வைத்தார். சத்தமில்லை. பூதத்தான் விட்டுப்போன மண்வெட்டியால் வெறி பிடித்தவர் மாதிரித் தோண்டினார். பெட்டியின் மூடியை நெம்பித் தூக்கினார்.

மூடியின் உட்புறமெல்லாம் கீறல். அவள் நகங்கள் பிய்ந்திருந்தன. ரத்தம் காயவில்லை.

மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிஷம். இரண்டு. பத்து. ஒன்றுமில்லை. இப்போது நிஜமாகவே ஒன்றுமில்லை.

"இன்பமணி..."

டொக்.

கையில் இருந்த கை அசையவில்லை.

டொக். டொக்.

பக்கத்துக் குழியில். நாலு நாளுக்கு முன் மூடிய குழி. அப்புறம் அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. நாலும்.

நாலு மேட்டிலும் மண் பையச் சரிந்தது.