தோள் மட்டும்

கணவன் காலையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பேனாவை அவள் வாங்கவே இல்லை. வலது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியதால், இடது கையாலாவது கையெழுத்துப் போடு என்று முதலில் கெஞ்சினான். பிறகு அதட்டினான்.

பின்னால் வந்த கார் அவளுடைய ஸ்கூட்டரை இடித்துத் தள்ளியதில் தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. இழப்பீடு வந்தால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் நடந்தால்தான் கத்தரி பிடித்து மறுபடி துணி வெட்ட முடியும். இத்தனை தெரிந்தும் ஒரு தையல்காரி முரண்டு பிடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இன்சூரன்ஸ் கம்பெனியின் தாளில் ஒரு வரிதான் அவளை உறுத்தியது. இதுவரை எந்த ஆஸ்பத்திரியில் எதற்காக வைத்தியம் பார்த்திருந்தாலும், அந்த விவரம் எல்லாவற்றையும் கம்பெனி வாங்கிக்கொள்ள அவள் சம்மதிக்கிறாளாம். போதாக்குறைக்கு, அந்த ஃபைல்களை வாங்கி வரும் வேலையை நாத்தனாரின் வீட்டுக்காரர் தானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மளிகை ரசீதைக்கூடத் திருப்பித் திருப்பிப் படிக்கிற மனிதர். வீட்டில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அது அவருக்கு மட்டும் தெரியாது.

நேற்று அவள் மொட்டைமாடியில் போனில் குசுகுசுத்ததைக் கணவன் பார்த்துவிட்டான். கேட்டதற்கு, இழப்பீட்டு வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மா என்றாள். வக்கீலிடம் பேச எதற்கு மொட்டைமாடி? அவன் வெளியூரில் வேலை பார்த்த வருஷம் இவள் ஆஸ்பத்திரியில் கிடந்ததாக எதிர்வீட்டுக்காரர் எப்போதோ வாய்தவறிச் சொன்னது இப்போது குடைந்தது.

"ஊருக்கெல்லாம் சாவி போட்டுக் குடுக்கிறவன் நான். என் வீட்லயே எனக்குத் தெரியாம ஒரு பூட்டா? நான் இல்லாதப்ப அந்த ஆஸ்பத்திரில உனக்கு என்ன நடந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் நடக்கல."

"அப்ப போடு கையெழுத்த."

அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. இவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியதற்கு இதுதானா மரியாதை என்று நெஞ்சு எரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே தப்பித்துவிடலாம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. அண்ணிக்கு அடிபட்டதிலிருந்து சமைத்துப்போட வந்திருக்கும் நாத்தனார் அங்கேதான் இருந்தாள். அண்ணன் வெளியூரில் இருந்த அந்த வருஷம், பேசி முடித்த முதல் சம்பந்தம் முறிந்தபோது மாத்திரைகளை விழுங்கிவிட்டவள் அவள். தூக்கிக்கொண்டு ஓடியது அண்ணி. நோயாளியின் பேர் கேட்டதும், கல்யாணமாகாத பெண்ணைப் பற்றி ஊர் பேசக்கூடாதே என்ற பதற்றத்தில் தன் பேரைச் சொல்லிவிட்டாள். முறிந்த சம்பந்தத்தைப் பற்றி மனநல டாக்டர் எழுதியது வரைக்கும் எல்லாம் அந்தப் பேரிலேயே பதிவாகிவிட்டது. இப்போது அதைப் படிக்கப் போகிறவர் நாத்தனாரின் புருஷன்.

நாத்தனார் ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

"அண்ணா... அந்த ஃபைல்ல இருக்கிறது அண்ணி பேரு மட்டும்தான். உடம்பு என்னோடது."

அவன் தங்கையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "உனக்கு என்ன..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம்," என்றாள் மனைவி. அன்று முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "அவளா சொன்னா கேட்டுக்குங்க. நீங்களா கேக்காதீங்க."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். வக்கீலம்மா என்ன சொன்னார் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அடிபட்ட இடத்துக்குப் பார்த்த வைத்தியத்தை மட்டும் காட்டினால் போதும், கம்பெனி முறைத்தால் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாராம். அவன் அந்த வரியை அடித்து, மேலே 'விபத்து நாள் முதல், வலது தோள் மட்டும்' என்று எழுதினான். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்திட்டாள்.

பூதக்கண்ணாடி வந்ததும் தாளைத்தான் முதலில் கையிலெடுத்தார்.

"என்ன மச்சான், அடிச்சுத் திருத்தியிருக்கு? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?"

நாத்தனார் டீ டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"அடிபட்டது தோளு மாப்பிள்ளை. அதைத்தான் காட்டுவோம்," என்று அவன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "நீங்க அலைய வேணாம். நானே போய்ட்டு வந்துடறேன்."

செருப்பை மாட்டும் சாக்கில் மனைவியிடம் குனிந்து, தப்புப் பண்ணிட்டேன் என்று முணுமுணுத்தான். போய்ட்டு வாங்க என்றாள் அவள்.

அண்ணி அடுப்படிக்குள் நுழைந்ததும் நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

"மெதுவாடி... தோளு," என்று அண்ணி வலியில் பல்லைக் கடித்தாள். ஆனாலும் விலகவில்லை. நல்ல கையால் அவளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.