இருமாத படம்

படக்கருவி பறந்து வரும் நாளில் அடிவளையில் யாரும் இருமுவதில்லை.

நிலவின் தரைக்கு மேலே, கண்ணாடிக் குவிமாடத்துக்குள் நகரம் இருந்தது. அதன் கீழே பாறையைக் குடைந்த வளையில், நகரத்தின் காற்று வடிகட்டிகளைத் தட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் குடியிருந்தார்கள். தட்டிய தூசிக்குப் போக வேறு இடமில்லை. அவர்கள் நெஞ்சுக்குள் போய்த் தங்கியது. ஆனாலும் படக்கருவி வருகிறது என்றால் தலை வாரி, முகம் துடைத்து, வளை முழுவதற்கும் பொதுவாக இருந்த ஒரே பட்டுச் சேலையை வீட்டுக்கு வீடு மாற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அயலார் கண்ணுக்கு முன்னால் இருமுவது அவர்களுக்கு மானக்கேடு.

மேலே இருந்தவர்களின் காதுக்குப் பின்னால் 'இரக்கமானி' என்ற சில்லு பதித்திருந்தது. ஒரு படத்தைப் பார்க்கையில் நெஞ்சு எவ்வளவு இளகுகிறது என்று அது அளந்து சொல்லும். அதிகம் இளக வைத்த இடத்துக்கு முதலில் உதவி. இளக வைக்காத இடம் நலமாக இருக்கிறது என்று பொருள். அடிவளை எப்போதும் நலமாகவே இருந்தது.

பவளத்தின் கணவன் மரியதாஸ் அப்படியொரு படநாளில்தான் போனான். இரவல் சட்டையில் விறைப்பாக நின்று, வந்த இருமலை விழுங்கி, கருவி திருப்பம் கடக்கும் வரை சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு சுவரோடு சரிந்தான். அந்தப் படத்தில் அவன் அழகாக இருந்தான். பவளம் அதை இன்னும் வைத்திருக்கிறாள்.

இப்போது மகள் இதழிக்கு இருமல். ஏழு வயதுப் பிள்ளையின் உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. தூசியை வடித்து நல்ல காற்று தரும் காற்றுவடி ஒன்று வீட்டுக்குக் கிடைத்தால் பிழைப்பாள். கிடைக்காவிட்டால் அப்பா வழிதான்.

அந்தச் சமயத்தில்தான் கிருபாகரன் என்ற படக்காரன் மேலிருந்து மின்தூக்கியில் இறங்கி வந்தான். பறக்கும் கருவியை நம்பாமல் கையால் படம் எடுக்கிறவன். கவிழ்த்த வாளி மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இதழியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இருங்க தம்பி, தலை வாரி விட்டுடறேன்," என்று பவளம் சீப்பை எடுத்தாள்.

"வேண்டாங்க அக்கா. வாரிட்டா மேலே ஒருத்தரும் நின்னு பார்க்க மாட்டாங்க."

"பரட்டைத் தலையோட நிக்க வச்சா எங்களைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும். நெனைச்சாத்தான் காத்து வரும்."

சீப்பு கையிலேயே நின்றது. அவன் படம் எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது அவன் கண் கலங்கியதைப் பவளம் பார்த்தாள். கெட்டவன் இல்லை.

படம் மேலே பெரும்பேர் வாங்கியது. இரக்கமானி அதுவரை காட்டாத அளவைக் காட்டியது. ஒரு நாள் மின்தூக்கி இறங்கி வந்தது. வளை முழுவதும் கூடி நின்றது.

கதவு திறந்தது. உள்ளே ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் இதழியின் படம், அவள் அளவிலேயே. பெட்டியின் அடியில் ஒரு காற்றுவடி மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"படம் எடுத்த இடத்திலேயே வைத்துச் சிறப்பிக்க முடிவு செய்திருக்கிறார்கள்," என்றார் கூட வந்த அதிகாரி. "இங்கே வைத்தபடியே மேலே எல்லோரும் எந்நேரமும் பார்க்கலாம்."

"அந்தக் காத்துவடி?" என்றாள் பவளம்.

"தூசி பட்டால் படம் கெட்டுவிடும்."

"பிள்ளைக்கு?"

"அது வேறு துறை அம்மா."

பக்கத்து வீட்டு ரோசம்மா சிரித்தாள். "கேட்டியாடி, படத்துக்கு மூச்சு முட்டுதாம்."

காற்றுவடியைத் தனியே கழற்றினால் நின்றுவிடும்படி செய்திருந்தார்கள். பெட்டியைத் துடைக்கும் வேலையைப் பவளத்துக்கே கொடுத்தார்கள். அவள் கை பட்டால்தான் கதவு திறக்கும். மறுநாள் அவள் துடைக்கத் திறந்தாள். படத்தைச் சுருட்டி வெளியே எடுத்தாள். வாளியை உள்ளே கவிழ்த்து, அதன் மேல் மகளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பெட்டியில் பதித்திருந்த படக்கண் ஒரு முறை சிமிட்டியது. உள்ளே இருக்கும் முகத்தைத் தன் நினைவில் இருந்த முகத்தோடு ஒப்பிட்டது.

"படம் சரியாக உள்ளது," என்றது பெட்டி.

ரோசம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அசையாதடி சிறுக்கி, நீ இப்ப படம்," என்றாள். இதழி சிரிப்பை அடக்கினாள்.

நாளாக ஆக அவள் மூச்சில் இருந்த கீச்சொலி நின்றது. கன்னம் மேடிட்டது. பவளம் பெட்டியைத் திறந்து சோறூட்டிவிட்டு மூடுவாள். மேலே அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை பரட்டையாக உட்கார்ந்திருக்கிறதே. ஒரு காலையில் மனம் கேட்காமல் முகம் துடைத்து, எண்ணெய் தொட்டு, வகிடெடுத்து வாரிவிட்டாள். பட்டுச் சேலையையும் சுற்றிவிட்டாள்.

"இப்பதான் பாக்குற மாதிரி இருக்கா," என்று ரோசம்மாவும் சொன்னாள்.

மேலே அப்படிச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தால் முன்போல நெஞ்சு இளகவில்லை என்று புகார்கள் குவிந்தன. முந்தைய ஆழம் போய்விட்டது என்றார்கள் சிலர். கண்ணீருக்குப் பழகியவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள்.

மாலையில் பெட்டி பேசியது.

"படத்தில் பழுது கண்டறியப்பட்டது. உதட்டின் நீலம் மங்கியுள்ளது. கன்னத்தின் குழி தூர்ந்துள்ளது. பழைய நிலைக்குக் கொண்டுவரும் குழு புறப்பட்டுவிட்டது. முதற்கட்டமாகக் காற்று நிறுத்தப்படுகிறது."

காற்றுவடியின் இரைச்சல் அடங்கியது. பவளம் பாய்ந்து கதவில் கை வைத்தாள். பழுது பார்த்து முடியும் வரை திறக்காது என்றது பெட்டி. மரியதாஸுக்காக எத்தனை முறை அழைத்தும் வராத மின்தூக்கி, அடுத்த கணமே மேலிருந்து கிளம்பும் ஓசை கேட்டது.

"இதழி," என்று அவள் கண்ணாடியைத் தட்டினாள். "இருமு கண்ணு. நல்லா இருமு. அவங்க பாக்கணும்."

இதழி அம்மாவைப் பார்த்தாள். எல்லோரும் கூடி நிற்கிறார்கள். தலை வாரியிருக்கிறது. பட்டுச் சேலை கட்டியிருக்கிறது. படநாள் என்று அவளுக்குப் புரிந்தது. கையை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் முட்டிய முதல் இருமலை அப்பாவைப் போலவே விழுங்கிவிட்டு, வாய் திறக்காமல் சிரித்தாள்.