பச்சை விளக்குச் சிரிப்பு

"மச்சான் இன்னும் சால்னா வாங்கிட்டு வரலையா, அக்கா?"

சுண்டு இப்படிக் கேட்டதும் ரெஜினாவுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. நேரலைத் தொடர் வேறு. மூன்று கேமராக்களும் அவள் முகத்தில்தான் நின்றன. எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டுச் சமையலறை செட்டுக்குள் நுழைந்துகொண்டாள்.

சுண்டு இரண்டடி உயர உணர்பாவை. துணிக் கன்னம், பொத்தான் கண், பார்த்தால் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். ஆட்டி வைக்கவோ வசனம் எழுதித் தரவோ அதற்கு ஆள் வேண்டாம். வீட்டு டிவிகளில் சிரிப்புமானி பொருத்தியிருக்கிறார்களே, யாராவது சிரித்தால் மூலையில் பச்சை விளக்கு எரியுமே, அந்தக் கணக்கு முழுவதும் உடனுக்குடன் சுண்டுவின் தலைக்குள் போகும். எதற்கு அதிகம் சிரித்தார்களோ அதையே இன்னும் அதிகமாகச் செய்யும். அவ்வளவுதான் அதன் மூளை.

ரெஜினாவின் கணவன் ஆல்வின் இறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பரோட்டா வாங்கி வந்தவனை, சால்னா இல்லையே என்று திருப்பி அனுப்பியது அவள்தான். பைபாஸில் ஒரு லாரி. சால்னா வாங்கப் போன வழியில் விபத்து என்று செய்தியில் ஊரெல்லாம் பார்த்தது. தான் திருப்பி அனுப்பியதைத் தொடரில் அவள் மாமனாராக நடிக்கும் ஞானசிகாமணியிடம் மட்டும், ஒப்பனை அறையில், தன்னை மறந்து அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். மூலை நாற்காலியில் சுண்டு உட்கார்ந்திருந்தது.

பாவையின் சுவிட்சை ஒருபோதும் அணைக்கக்கூடாது, ஒப்பனை அறையில் நடிகர்களோடுதான் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பழகினால்தான் குடும்பம் மாதிரி வருமாம். நல்ல குடும்பம்! சிகாமணியின் மகன் கனடா போனபிறகு போன் செய்வதில்லை. சுண்டு தினமும் பொம்மை போனை எடுத்து, "ராங் நம்பர், தாத்தா" என்று வைக்கும். அந்த வயதிலும் மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

அதனால் நடிகர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். அறைக்குள் பேச்சு டிராஃபிக், வெயில், கேட்டரிங் சாம்பார் பற்றி மட்டும். மனசில் உள்ளதைப் பேச வேண்டுமானால் வெளியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும்.

"பின்னிட்டீங்க மேடம்! மாநிலம் பூரா பச்சை!" என்றபடி வந்தார் தொடரின் பொறுப்பாளர் தினகரன்.

"என் புருஷன் செத்தது அவ்வளவு சிரிப்பா சார்?"

"ஜனங்களுக்குப் புடிச்சிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

மறுவாரம் பாவைக்குப் பராமரிப்பு. நேரலை இல்லை, பழைய பகுதியே மறு ஒளிபரப்பு. ரெஜினா கொளத்தூர் வீட்டில் இருந்தாள். மகள் மேபல் டிவிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சால்னா வசனம் வந்தது. மேபலின் தோள்கள் குலுங்கின. மூலையில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

ரெஜினா எழுந்து போனாள். "என்னடி சிரிப்பு வேண்டிக் கிடக்கு உனக்கு?" என்று தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

குழந்தையின் முகம் முழுக்கக் கண்ணீர். விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் முகத்தைப் படம்பிடிக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே சிரிப்புமானி நெஞ்சின் குலுக்கலையும் மூச்சின் உடைசலையும் மட்டும்தான் அளக்கும். விழுந்து விழுந்து சிரித்தாலும் விம்மி விம்மி அழுதாலும் அதற்கு ஒன்றுதான்.

"சால்னா இல்லாம சாப்பிட மாட்டேன்னு நான்தானேம்மா அடம்புடிச்சேன்?" என்றாள் மேபல்.

ஐயோ, பத்து வயதுப் பிள்ளை இத்தனை மாதம் இதைச் சுமந்திருக்கிறது! அவளுக்கு அது மறந்திருக்கும் என்று ரெஜினா நம்பியிருந்தாள். வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அம்மாவும் மகளும் அன்றுதான் சேர்ந்து அழுதார்கள்.

பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். மும்தாஜ் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. "சிரிச்சு சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு ரெஜினா" என்று முந்தானையால் துடைத்தாள். ஊரே சிரிக்கும்போது தான் மட்டும் அழுவதாக எப்படிச் சொல்வாள், பாவம்.

மறுநாள் ரெஜினா ஒப்பனை அறைக்குள் ஓடிவந்தாள்.

"மாமா, யாரும் நம்மளப் பாத்து சிரிக்கல! எல்லாரும் அழுவுறாங்க. உங்களுக்காகவும் எங்கயோ யாரோ அழுதுட்டுத்தான் இருக்காங்க."

சிகாமணி சீப்பைக் கீழே வைத்தார். "நெசமாவாம்மா?"

ரெஜினா மூச்சுவிடாமல் சொன்னாள். பச்சை விளக்கு, மும்தாஜ் அக்கா, மேபல், எல்லாவற்றையும். "சால்னா கேட்டது தான்தான்னு உள்ளயே வச்சுப் புழுங்கியிருக்கா மாமா. உன்னால இல்லடா கண்ணுன்னு சொல்லிச் சொல்லித் தேத்தினேன். காலையில அவளே தோசை கேட்டு சாப்பிட்டா. எம்புள்ள எனக்குத் திரும்பக் கெடச்சுட்டா."

சிகாமணி அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "ரெஜினா, வாம்மா, வண்டிகிட்ட போயிப் பேசலாம்."

சந்தோஷம் அவள் கண்ணை மறைத்துவிட்டது. பராமரிப்பு முடிந்து சுண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

திரும்பிப் பார்த்தவள் தினகரனிடம் ஓடினாள். மானியின் தவறைச் சொல்லி, இன்று ஒருநாள் பாவையை அணைக்கும்படி கெஞ்சினாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு, "அழுவுறாங்கன்னு வெளிய தெரிஞ்சா யார் மேடம் விளம்பரம் குடுப்பான்? போய் ரெடியாகுங்க" என்றார்.

படப்பிடிப்பு நேரத்தில் மேபலைத் தன் வீட்டில் உட்கார வைத்துக்கொள்ளும் மும்தாஜ் அக்காவுக்கு போன் போட்டாள். டிவியை மட்டும் அணைத்துவிடச் சொன்னால் போதும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுண்டு வரும் நேரத்தில் எந்த வீட்டிலும் யாரும் போன் எடுப்பதில்லை.

நேரலை தொடங்கியது.

"மச்சான் இன்னும் சால்னா வாங்கிட்டு வரலையா, அக்கா?"

ரெஜினாவுக்கு இப்போது வலிக்கவில்லை. தன்னோடு அழுகிறவர்களை நினைத்து மெல்லச் சிரித்தாள். அதைப் பார்த்து வீடுகளில் அழுகை நின்றிருக்க வேண்டும்; தினகரனின் திரையில் சிரிப்புக் கணக்கு மளமளவென்று இறங்கியது.

சுண்டு தலையைச் சாய்த்தது. "அப்போ சால்னா வேணும்னு அடம்புடிச்சது யாரு அக்கா? நீங்க இல்லையாமே. மேபலாமே?"

கேமரா, தொடர், ஒப்பந்தம் எதுவும் ரெஜினாவுக்கு நினைவில் இல்லை. பாய்ந்து பாவையின் வாயைப் பொத்தினாள். ஆனால் ஒலிபெருக்கி அதன் வயிற்றில் இருந்தது.

"மேபல் கண்ணு," என்றது சுண்டு, கொஞ்சும் குரலில். "இன்னிக்காவது சால்னா போதுமா?"

ரெஜினா பாவையோடு தரையில் சரிந்து உட்கார்ந்தாள். சிகாமணி கேமராவுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்று மறைக்கப் பார்த்தார். தினகரன் திரையைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினார். தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இத்தனை பேர் ஒரே நேரத்தில் சிரித்ததே இல்லை. கொளத்தூரில், பக்கத்து வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பத்து வயதுச் சிறுமியையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.