எண்ணெய் தேய்த்துக் குளித்த சி.டி.

குழித்துறையில் ஞானதாசன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு நாள் குறித்தாகிவிட்டது.

எங்கிருந்தோ வந்து புகுந்த வைரஸ் அதைப் பாடாய்ப் படுத்தியது. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் உள்ளே அதே பெயரில் இன்னொன்று இருக்கும். அதைத் திறந்தால் அதற்குள் இன்னொன்று. கடைசியில் மெக்கானிக் ராஜகுமாரிடம் போய்ச் சொன்னார்கள்.

“ஃபார்மட் அடிச்சாத் தீந்து” என்றார் அவர்.

மவுஸ் நகரவில்லை என்றாலும் ராஜகுமார் அதைத்தான் சொல்வார். ஸ்பீக்கர் கரகரத்தாலும் அதையேதான் சொல்வார். ஃபார்மட் என்றால் கம்ப்யூட்டருக்குள் இருப்பது அத்தனையையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது.

ஆறாம் வகுப்பு முடித்து விடுமுறையில் இருந்த ரெஜிஷா அதைக் கேட்டதும், “அய்யோ, அப்ப அப்பா?” என்றாள். அப்பாவோடு முகம் பார்த்துப் பேசுகிற மென்பொருள் அதற்குள்தான் இருந்தது.

அப்பா ஞானதாசன் குவைத்தில் வேலை பார்த்தார். தம்பி லிஜோ பிறப்பதற்கு முன்பே போனவர். லிஜோவுக்கு இப்போது ஏழு மாதம். போன வாரம் கீழ்வரிசையில் இரண்டு பற்கள் முளைத்திருந்தன. நாளை வெள்ளிக்கிழமை, அப்பாவுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்குக் கூட வேலை செய்யும் கூட்டுக்காரர் ஒருவரின் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதாகச் சொல்லியிருந்தார்.

“போட்டோ போதாது மக்களே. அவன் கைகால ஆட்டி அனங்குததப் பாக்கணும்” என்று போனில் இரண்டு தடவை சொன்னார்.

அந்த மென்பொருள் வெறும் முப்பத்தெட்டு எம்.பி.தான். ஆனால் அதை இறக்குவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அவர்கள் வீட்டில் இணையம் டெலிபோன் வயர் வழியாகத்தான் வந்தது. யாராவது ரிசீவரைத் தூக்கினால் போச்சு, இணைப்பு அறுந்துவிடும். ஒரு நாள் முக்கால்வாசி இறங்கியிருந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு நேசம்மாள் மாமி வந்து, தன் தங்கைக்குச் சாளை மீன் கிடைத்ததா என்று கேட்கப் போனை எடுத்துவிட்டார். அதன் பிறகு அண்ணன் லிஜின் அடிஸ்கேலும் கையுமாக டெலிபோனுக்குக் காவல் இருந்தான்.

லிஜின் ஒன்பதாம் வகுப்பு. ஒரு மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவன். அதனால் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம்.

“பயப்படாத ஏட்டி. ரெண்டு காலி சி.டி. வச்சிருக்கேன். சாதனத்த அதுல எழுதி வச்சிட்டா கம்ப்யூட்டர் எக்கேடும் கெட்டுப் போட்டு” என்றான்.

எழுதினான். பத்து நொடியில் சி.டி. வெளியே வந்தது. அதன் மேல் ‘லிஜின். யாரும் தொடக் கூடாது’ என்று பேனாவால் எழுதினான்.

ரெஜிஷா சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணா, ஒம்பது நாளா எறங்குனத பத்து நொடியில எப்பிடி எழுதினே?”

“அதாக்கும் டெக்னிக்.”

அந்த டெக்னிக்கில் ரெஜிஷாவுக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. சி.டி.யை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருந்த தோழி ஷீஜாவின் வீட்டுக்கு ஓடினாள். அங்கேயும் கம்ப்யூட்டர் உண்டு. சி.டி.யைப் போட்டார்கள். மென்பொருளின் படம் அழகாகத் தெரிந்தது. அதைத் தட்டினால், ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று பதில் வந்தது. இன்னொரு தடவை தட்டினாலும் அதே பதில்.

ரெஜிஷாவுக்கு விஷயம் பிடிபட்டது. திரும்பி வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

“நீ எழுதினது வெறும் படத்தயாக்கும். வாசல்ல மாட்டியிருக்க பேர்ப்பலகைய மட்டும் கழத்திட்டு வந்திருக்கே. வீடு அங்கயே நிக்குது.”

“அவுங்க கம்ப்யூட்டர்தான் சரியில்ல” என்றான் லிஜின். ஆனால் அவன் காது சிவந்துவிட்டது.

ரெஜிஷா தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். தினமும் எத்தனை எம்.பி. இறங்கியது என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். மேலே ஃபைலின் முழுப் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்துத் தேடினார்கள். மூலையில் ஒரு ஃபோல்டருக்குள் முப்பத்தெட்டு எம்.பி. சாதுவாக உட்கார்ந்திருந்தது.

மீதி இருந்த ஒரே ஒரு சி.டி.யை உள்ளே தள்ளி, எழுதத் தொடங்கியதுதான் தாமதம். சமையலறையில் மிக்ஸி ‘கிர்ர்’ என்றது. மின்விளக்கு மங்கியது.

“அம்மா, நிறுத்து! கரண்டு எறங்குது! கம்ப்யூட்டர் அணைஞ்சா சி.டி. நாசம்!” என்று லிஜின் அலறினான்.

அம்மா குளோரி லிஜோவை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“மீன்கறிக்குத் தேங்கா அரைக்காண்டாமா? வெறும் தண்ணியில மீன நீந்த விடவா?”

“அம்மியில அரைக்கலாம்லா?”

“நல்ல யோசனை. வா, வந்து அரை.”

கம்ப்யூட்டர் வாத்தியார் அம்மி முன்னால் குந்தினான். சி.டி. எழுதி முடித்த பிறகும் அம்மா அவனை விடவில்லை. கொத்தமல்லியும் வற்றல் மிளகாயும் அவன் கையை ஒரு வழி பண்ணிவிட்டன.

இந்தத் தடவையும் ரெஜிஷா ஷீஜா வீட்டுக்கு ஓடினாள். சி.டி.யைப் போட்டதும், ‘நிறுவலாமா?’ என்று மென்பொருள் மரியாதையாகக் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

பன்னிரண்டு அடித்ததும் ராஜகுமார் வந்தார். ஐந்தே நிமிடத்தில் ஃபார்மட்டைத் தட்டிவிட்டு, மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, கறியில தேங்கா முழுசு முழுசாக் கெடக்கே?”

“அது எனக்க மூத்தவனுக்க டெக்னிக்” என்றாள் அம்மா.

சாப்பாடு முடிவதற்குள் பழைய கம்ப்யூட்டர் துடைத்து வைத்த பலகைபோல் ஆகிவிட்டது. ராஜகுமார் மற்றதையெல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பைக்கில் ஏறிப் போனார்.

ரெஜிஷா ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த சி.டி.யை எடுக்கப் போனாள். அங்கே நேசம்மாள் மாமி நின்றிருந்தார். ஒரு கையில் சின்ன எண்ணெய்க் குப்பி. மறு கையில் சி.டி.

“இதுக்குள்ளயாக்கும் ஒங்க அப்பாவப் பாக்கப் போறதா லிஜின் சொன்னான். அதான் மாதா கோயில் விளக்கு எண்ணெயக் கொண்டுவந்தேன்” என்றார் மாமி.

மாமி அப்படித்தான். புது சைக்கிள், பரீட்சைப் பேனா, அப்பாவின் பாஸ்போர்ட், தையல் மெஷின், எதுவானாலும் சரி, கோயில் விளக்கு எண்ணெயால் ஒரு சிலுவை போட்டுத்தான் அனுப்புவார். சி.டி.யில் கம்பெனி பெயர் அச்சடித்திருந்த பக்கம் அடிப்பக்கம் என்று நினைத்துக்கொண்டார். பளபளத்த பக்கத்தைத் திருப்பி, அதில் சிலுவை போட்டார். கோணலாகிவிட்டது. உள்ளங்கையால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். இப்போது சி.டி. அப்பளம்போல எண்ணெயில் மினுங்கியது.

பாவாடையில் ஒற்றி எடுத்துப் போட்டுப் பார்த்தாள் ரெஜிஷா. கம்ப்யூட்டர் உறுமியது, முனகியது. ‘உள்ளே சி.டி. எதுவும் இல்லை’ என்றது.

“மாமி! என்ன வேல பாத்து வச்சிருக்கிய!” என்று கத்தினான் லிஜின். “கம்ப்யூட்டர்ல இருந்ததும் போச்சு, இதுவும் போச்சு! ஏட்டி, ஷீஜா வீட்டுல ஒரு காப்பி போட்டிருக்கலாம்லா?”

“அதுல பாட்டும் படமும் நெறஞ்சு கெடக்கு. ஊசி குத்த எடமில்ல.”

மாமியின் முகம் சுருங்கிப் போனது. குப்பியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். “அவன் பிள்ளையப் பாக்கணும்னுதானே நான்… நானே கெடுத்துட்டேனே மக்களே…” என்று வாசல் பக்கம் திரும்பினார்.

ரெஜிஷா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாரமில்ல மாமி, விடுங்க. போகாதீங்க. எனக்கு நீங்கதான் வேணும். தெனமும் லிஜோவுக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுறது யாரு?”

“நான்தான்.”

“எண்ணெயப் போக்குறது எப்பிடின்னு ஒங்களவிட யாருக்குத் தெரியும்? இதயும் குளிப்பாட்டித் தாங்க.”

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகினார். வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது, லிஜோவின் சோப்பு வந்தது, அவன் மெல்லிய துண்டும் வந்தது.

“பைய, மாமி. வட்டமாத் தேய்க்காண்டாம், கீறல் விழும். நடுவுல இருந்து ஓரத்துக்குத் தேயுங்க.”

“முதுகு தேய்க்க மாதிரி. சரி, சரி.”

நுரை வழிந்தது. மாமி பழக்க தோஷத்தில், ‘கண்ண மூடிக்கோ’ என்று சி.டி.யிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமி தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் ஒற்றி ஒற்றித் துவட்டினார்.

“சாம்பிராணி போடலியா?” என்றான் லிஜின் கடுப்பாக.

“அட, மறந்துட்டேன்” என்று மாமி எழுந்துவிட்டார்.

“வேண்டாம் மாமி!” என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

சி.டி. உள்ளே போனது. கம்ப்யூட்டர் உறுமியது. கொஞ்ச நேரம் யோசித்தது. ‘நிறுவலாமா?’ என்று கேட்டது.

மாமி இரண்டு கையையும் கூப்பினார். எண்ணெய்க்கு நன்றி சொன்னாரா, சோப்புக்கு நன்றி சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். திரையில் கட்டம் கட்டமாக அப்பா வந்தார். ஐந்து நொடிக்கு ஒரு தடவைதான் அசைந்தார். ஆனாலும் அப்பாதான்.

“எனக்க மோன எங்க? பல்லக் காட்டச் சொல்லு!”

லிஜோ உதட்டை இறுக்கிக்கொண்டான். அம்மா கிலுகிலுப்பையை ஆட்டினாள். மாமி பாட்டுப் பாடினார். ரெஜிஷா வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினாள். ஊஹூம். கடைசியில் லிஜின் முன்னால் வந்து கண்ணை உருட்டி, நாக்கை நீட்டிக் குரங்குபோல் காட்டினான். லிஜோ பயந்துபோய் வாயை ஆவென்று திறந்து, ஓவென்று அழுதான்.

அந்த நேரம் பார்த்து இணைப்பு திணறியது.

“ஏலே, படம் அப்படியே நின்னு போச்சு!” என்றது அப்பாவின் குரல்.

“இருங்கப்பா, கட் பண்ணிட்டு மறுபடி போடுதேன்” என்று லிஜின் மவுஸைப் பிடித்தான்.

“தொடப்பிடாது மக்கா!” என்று அப்பா அங்கிருந்து பதறினார். “ரெண்டு பல்லும் நல்லாத் தெரியுது. இப்பிடியே கொஞ்ச நேரம் இருக்கட்டு.”