துக்கமணியின் ஐம்பத்து நான்கு அடிகள்

1946ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, அரியலூரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பஞ்சநாதனின் வீட்டுக்கு விண்ணரசி வந்தாள். கூடவே அவள் கணவன் ராசாங்கம். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா.

"என் தம்பியைத் தூக்குல போட்டுடுவாங்க. நீங்கதாங்க காப்பாத்தணும்."

தம்பி இருதயநாதனுக்கு முப்பது வயது. வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்து மாதா கோயிலில் மணியடிப்பவன். யார் முகத்தையும் பார்க்கமாட்டான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். ஊர் அவனைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் யோசிக்கவில்லை.

செவ்வாயன்று விடியும்போது அவன் துக்கமணி அடித்தான். யாருக்கு என்று கேட்டதற்கு, "ஹெட்மாஸ்டருக்கு" என்றான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஹெட்மாஸ்டர் அடைக்கலசாமியின் உடல், மண்டை உடைந்து, பள்ளிக் கிணற்றில் கிடைத்தது. கூட்டம் கூச்சலிட்டது, போலீசார் அவனைப் பிடித்துப்போய் அடித்தார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு பேசவே இல்லை.

"எத்தனை அடி அடிச்சான்?" என்று கேட்டார் பஞ்சநாதன்.

"அம்பத்து நாலுங்க. செத்தவங்க வயசுக்கு அத்தனை அடி. சேதி கொண்டாரவங்க வயசைச் சொல்லணும்," என்றாள் விண்ணரசி.

பஞ்சநாதன் அன்றே பங்குச் சாமியாரிடம் போய் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்தார். அடைக்கலசாமிக்கு ஐம்பத்தேழு.

"பதற்றத்துல தப்பா அடிச்சிட்டான் சார்!" என்றான் உதவியாளன் கண்ணையன். வழக்கை முடித்துவிட்ட சந்தோஷம் அவன் முகத்தில்.

"அப்புறம் பார்க்கலாம். பள்ளிக்கூட ரிக்கார்டையும் பார்த்துட்டு வா."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் விண்ணரசி, ராசாங்கம் எல்லோரும் கூடினார்கள். பஞ்சநாதன் மற்றவர்களைப் பேசவேண்டாம் என்றார். இருதயநாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனைப் போலவே சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"ஹெட்மாஸ்டருக்கு என்ன வயசு?"

சுவரிடம் சொல்வதுபோல் பதில் வந்தது. "அம்பத்தேழு வருஷம் நாலு மாசம்."

"ஏன் அம்பத்து நாலு அடிச்சே?"

"சேதி சொல்றவங்க சொல்ற வயசுக்குத்தான் அடிக்கணும். சாமியார் சட்டம்."

பஞ்சநாதன் திரும்பினார். "ஆக, ஒருத்தர் வந்து சேதி சொல்லியிருக்கார். ஊருக்கே தெரியாத சாவு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. வேலையில கூட மூணு வருஷம் இருக்கிறதுக்காக ஹெட்மாஸ்டர் குறைச்சுக் கொடுத்த வயசு அம்பத்து நாலு. அது பள்ளிக்கூட ரிக்கார்டுல மட்டும்தான் இருக்கு. அதை வெச்சிருக்கிறது யாரு?"

அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"தம்பி, சேதி சொன்னது யாரு?"

"மச்சான்."

ராசாங்கம் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். தான் போலிச் சான்றிதழ் எழுதியது ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டதால் அடித்துக் கிணற்றில் தள்ளினானாம். "சாகும்போது சாமியார் எண்ணெய் பூசுற அவஸ்தைப்பூசுதல் இல்லாம போயிட்டாரு... ஆத்துமாவுக்கு மணியாவது அடிக்கட்டும்னு... இவன் எதையும் தானா சொல்லமாட்டான்..."

செத்தவனின் ஆத்துமாவுக்கு இரங்கியவன், உயிரோடிருந்த மைத்துனனுக்கு இரங்கவில்லை.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?" என்று கதறினாள் விண்ணரசி.

"நீ மச்சான் வூட்டுலதானே இருக்கே? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அவன் மறைக்கலைம்மா," என்றார் பஞ்சநாதன். "தனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சான். பேசாதவன் எதையோ மறைக்கிறான்னு நாம நெனச்சோம். அடி வாங்கினது மட்டும் அவன்."

ராசாங்கத்துக்கு விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள். இருதயநாதன் அக்காவின் சேலை முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தான்.

"அக்கா, மச்சானுக்கு முப்பத்தெட்டு. சட்டப்படி, நீதான் வந்து சொல்லணும்."